கணக்கில் மூன்று பிழை

எங்கள் கணினி மிஸ்ஸுக்கு ஆங்கிலச் சொல் ஆகாது. வெள்ளவத்தை முழுக்க அக்கவுண்ட், பாஸ்வேர்ட் என்று கதைக்கும்போது அவர் மட்டும் கணக்கு, கடவுச்சொல் என்பார்.

எட்டாம் வகுப்பில் எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. கணினி அறையில் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் பட்டியலில் பெயரைத் தெரிந்து கடவுச்சொல்லை அடித்தால் என் திரை வந்துவிடும். நானே கீறிய கடற்கரை ரயில் படம்தான் பின்னணி. அதன்மேல், வெள்ளிக்கிழமைக் கண்காட்சிக்கென்று செய்துவைத்த ஸ்லைடுகள். எங்கள் ஃபிளாட்டில் எனக்கென்று ஒரு மேசைகூட இல்லை. இங்கே ஒரு முழுத்திரை.

அந்தத் திரை ஒருநாள் என்னை உள்ளே விடவில்லை. கடவுச்சொல் பிழை என்றது. மெதுவாக அடித்தேன், பிழை. ஒற்றை விரலால் அடித்தேன். கணக்கு முடக்கப்பட்டது என்று வந்தது.

"உன்ர ஸ்லைடெல்லாம் போச்சு, இனிப் புது அக்கவுண்ட்தான்" என்றாள் பக்கத்திலிருந்தவள், மிகுந்த திருப்தியோடு.

முடங்கினால் வீட்டிலிருந்து ஒருவர் வரவேண்டும் என்பது பள்ளிக்கூடச் சட்டம். பின்னேரம் மிஸ் அம்மாவுக்குப் போன் எடுத்தார்; ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "பிள்ளை கணக்கில மூண்டு தரம் பிழை விட்டிட்டா. நாளைக்கு ஒருக்கா வந்திட்டுப் போங்கோ."

அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"மூண்டு தரமுமோ?"

"ஓம் அம்மா" என்றார் மிஸ்.

"கிருலப்பனையில டியூஷன் குடுக்கிற ஒரு சேர் இருக்கிறாராம். வாற கிழமையே சேர்த்துவிடுறன்."

ஒரு கடவுச்சொல்லுக்கு டியூஷனா என்று எனக்கு வியப்பு. ஆனாலும் என் ஸ்லைடுகளுக்காக இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று உருகிப்போனேன்.

மறுநாள் துணிக்கடையில் அரைநாள் லீவு போட்டு வந்த அம்மா, மிஸ் வாய் திறக்குமுன்னே தொடங்கிவிட்டார். "வாய்ப்பாடெல்லாம் நல்லாத் தெரியும் மிஸ். பயத்திலதான் பிழை விட்டிருப்பா."

மிஸ் விழித்தார். "வாய்ப்பாடோ? இது கம்ப்யூட்டர் அக்கவுண்ட், அம்மா."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

முடக்கத்தை நீக்கிவிட்டு, திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். எனக்கு முன்னால் இருந்த யாரோ விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். கடவுச்சொல் வெறும் புள்ளிகளாகத்தானே தெரியும்? நான் தமிழில் அடித்தது எனக்கே தெரியவில்லை. ஆங்கிலத்துக்கு மாற்றி மறுபடி அடித்தேன். ரயில் வந்தது. ஸ்லைடுகள் ஒன்றும் குறையாமல் இருந்தன. எனக்கு மூச்சு வந்தது.

அம்மாவுக்கு இன்னும் வரவில்லை. "அப்ப, மற்றக் கணக்கு?"

"அதிலயோ? அவதான் வகுப்பில முதலாவது."

அம்மா பக்கத்துக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. காலி நகருக்குப் போகும் பெரிய வீதிக்கு வந்ததும் கேட்காமலே ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

கிடைத்தது எனக்கு; சந்தோஷம் அவருக்கல்லவா கூடுதல்? நக்கிக்கொண்டே கேட்டேன். "அம்மா, ஓ.எல். சோதனையில கணக்குக்கு நீங்க என்ன எடுத்தனீங்க?"

"ரோட்டைப் பாத்து நட."

வாகனங்கள் அதிகம்தான். அதனால்தான் சொல்கிறார் என்று நினைத்து, ரோட்டைப் பார்த்தே நடந்தேன்.