சாம்பல் டப்பா

நாலு மணி அடித்தால் ஜெகநாதனுக்குக் கொட்டாவி வந்துவிடும். தறியை நிறுத்திவிட்டு டீக்கடைக்கு நடப்பார். மடியிலிருந்து மிளகளவு அபின் உருண்டையை எடுத்து நாக்கடியில் ஒதுக்கி, மேலே சூடாக டீயை ஊற்றிக்கொள்வார். யாராவது பார்த்துவிட்டால், "முட்டி வலிக்கு மருந்துபா" என்பார். களம்பூர் லாரி டிரைவர் ஒருவர் ஆறு வருடத்துக்கு முன்னால் பழக்கிவிட்டது. முட்டி எப்போதோ தேவலையாகிவிட்டது. மருந்துதான் நின்றபாடில்லை.

ஆரணிப்பாளையத்தில் அவர் கைக்கு ஈடு கிடையாது. அதை அவரே சொல்வார். அந்தக் கைதான் போன மாதம் தறியிலேயே தூங்கிப்போனது. முகூர்த்தப் புடவையின் முந்தானையில் ஒரு மயில் தலையில்லாமல் வந்து நின்றது. தறி கொடுத்திருந்த மாணிக்கவேல் முதலாளி புடவையை விரித்துப் பார்த்தார். "அடுத்த பாவுலயும் இப்டி ஆச்சுன்னா, தறிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன் ஜெகநாதா" என்றார், மெதுவாக. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பழைய பாவு நூல் முடிந்துவிட்டது. புதுப் பாவு சாயமேறி வர எட்டு நாள். அதற்குள் விட்டுவிடுவதாக மனைவி கமலத்தின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனார். "என் தலைதான் கெடச்சுதா? உங்க தலைல அடிச்சிக்கினு சொல்லுங்க" என்று நகர்ந்துகொண்டாள் அவள். சட்டைப்பை, அரிசிப்பானை, சாமிப்படத்தின் பின்பக்கம் என்று தேடி மூன்று உருண்டைகளைச் சாக்கடையில் போட்டாள்.

"இன்னும் எங்க வச்சிகினு கீறீங்க?"

"எங்கம்மா மேல ஆணையா இல்ல."

அம்மா போய்ச் சேர்ந்து பத்து வருடம். அவளுக்கு இனி என்ன ஆகிவிடப்போகிறது!

முதல் நாள் மூக்கு ஒழுகியது, ஜலதோஷம் என்றார். இரண்டாம் நாள் வயிறு பிடுங்கிக்கொண்டது. கொல்லைக்குப் போகிற சொம்பைக் கீழே வைக்கவேயில்லை. மூன்றாம் நாள், சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வியர்த்துக் கொட்டினார். பாயில் கிடந்தபடி இரண்டு காலும் தாமாகவே மிதித்துக்கொண்டிருந்தன. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் சின்னம்மா, "அடியம்மா, படுத்துகினே நெய்றாரே!" என்றாள். கமலம் வாய்விட்டுச் சிரித்தாள்.

"சிரிக்காத கமலம். எலும்புக்கெல்லாம் பல்வலி வந்தா மாதிரி கீது. பேஜாரா போச்சு" என்று அவர் குழந்தை மாதிரி அழுதார். அவளுக்குப் பயமாகிவிட்டது. அந்தக் கால்களை மடியில் போட்டுப் பொழுது சாயும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள் ரசம் சோறு உள்ளே தங்கியது.

எட்டாம் நாள் பாவு வந்தது. பழைய பாவின் நாலாயிரம் இழை நுனிகளோடு புது இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்து இணைக்கவேண்டும். பட்டு வழுக்காமலிருக்க, தறியோரம் ஒரு டப்பாவில் வைத்திருக்கும் சாம்பலை விரலில் தொட்டுக்கொள்வது வழக்கம். வீட்டையே கவிழ்த்துத் தேடியவள், தொழில் சாமான் என்று அந்த டப்பாவை மட்டும் தொடவில்லை.

எதிரே இழையைப் பிடித்துக்கொண்டு கமலம் உட்கார்ந்தாள். ஜெகநாதன் டப்பாவுக்குள் விரலை விட்டார். உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. மறந்துபோயிருந்தார் என்றால் அதுவும் பொய். எட்டு நாளும் அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். வாயில் எச்சில் ஊறியது. விரல் உள்ளேயே நின்றது.

"இன்னாங்க?"

வெறும் விரலை வெளியே எடுத்தார். டப்பாவை அவள் பக்கம் நீட்டினார்.

"சாம்பல்ல கல்லு கீது. ஜல்தியா சலிச்சு எடுத்துகினு வா."