தண்ணீர் வாங்க இறங்குபவர்

கம்பாலா பேருந்து நிலையத்தில் செம்வங்காவின் வேலை, உட்கார்ந்திருப்பது.

ஃபோர்ட் போர்ட்டல் வண்டி, மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். மடியில் பெட்டி, பெட்டிக்குள் பழைய செய்தித்தாள். வெளியே ஆள் தெரிந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வார். இப்படிச் சலித்துக்கொள்ளும் பயணியைப் பார்த்தால், வண்டி கிளம்பப்போகிறது என்று நம்பி நாலு பேர் ஏறுவார்கள். வண்டி நிறைந்ததும் "தண்ணி வாங்கிட்டு வரேன்" என்று இறங்கி, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்வார். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்ப் பக்கத்துத் தோரோ இனத்தவர் என்பதால் அவர்கள் பாணியில் அராலி என்று ஒரு செல்லப் பெயரும் வைத்துக்கொண்டார். பதினோரு வருடத்தில் ஃபோர்ட் போர்ட்டலை ஒருமுறையும் பார்த்ததில்லை.

இந்த வருடம் எதிரே ஒரு புதுக் கம்பெனி வந்தது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எட்டு மணிக்குக் கிளம்பிவிடும். தண்ணீர் பாட்டில் இலவசம். போதாததற்கு, "திருப்தியா இருக்கா?" என்று பயணிகளைக் கேட்கவும் செய்தார்கள்.

முதலாளி முகாசா கூப்பிட்டுச் சொன்னார். "அண்ணே, வெள்ளிக்கிழமை எட்டுக்குள்ள வண்டி நிறையலேன்னா, இனி நீங்க வீட்டுல உக்காந்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை செம்வங்கா சும்மா உட்காரவில்லை. மூட்டை தூக்கினார். இறுகிய ஜன்னலைத் திறந்துவிட்டார். கபசிங்குசி என்ற பெண்ணின் குழந்தையை மடியில் போட்டுத் தூங்கவைத்தார். பின்சீட்டு வாத்தியாரின் நில வழக்கை முதல் வாய்தாவிலிருந்து கேட்டார். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வண்டி நிறைந்துவிட்டது. குழந்தையை நீட்டிக்கொண்டே எழுந்தார்.

"தண்ணி வாங்கிட்டு வந்திடறேன், தாயி."

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு. அவர் பேரும் அராலிதான். உக்காருங்க!"

வாத்தியார் எழுந்தார். "அவர் இறங்கினா நானும் இறங்கறேன். அவர்கிட்ட நான் இன்னும் தீர்ப்பே சொல்லல. எதிர் வண்டியில தண்ணி சும்மாவே தர்றான்."

இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். முகாசா ஜன்னலுக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, அசையாதீங்க!"

"மொதலாளி, வண்டி போயிடுமே!"

"போகத்தானே வண்டி!"

போய்விட்டது.

பாதி வழியில், முபெண்டே அருகே முகாசாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, உங்க வேலை போகல. இனிமே தினமும் நீங்க போறீங்க."

"திரும்பி வர்றதுக்கு?"

"வர்ற வண்டியும் நிறைய வேண்டாமா?"

உடனே மனைவியைக் கூப்பிட்டார். "சாப்பாட்டுக்கு வரமாட்டேன். ஃபோர்ட் போர்ட்டல் போயிட்டிருக்கேன்."

"அதெல்லாம் பயணிங்ககிட்ட சொல்லுங்க," என்றாள் அவள். "வாழைக்காய் மத்தோக்கே ஆறுது, சாப்பிட வாங்க."