மச்சானின் வருத்தத்துக்கு ஒரு ஸ்பானியச் சொல்: கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு

1980 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போனேன். இருபத்தைந்து மைல். ஊர் பார்க்க அல்ல, ஒரு சொல் தேடிப் போனேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். உயர்தரப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் வேலை இல்லாதவன் நான் ஒருவன்தான், அதனால் என்னை அனுப்பினார்கள்.

ராத்தாவின், அதாவது என் அக்காவின், கணவர், என் மச்சான் நசீர், கப்பலில் வேலை செய்தார். ஸ்பெயின்காரர்களின் தீவுத் துறைமுகம் ஒன்றில் கப்பல் தட்டிலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அவருக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை, எழுந்தால் மறுபடி விழுகிறார். கப்பல் ஏஜென்ட் அனுப்பிய தந்தியில் ஒரே கேள்வி: முன்பு இப்படி வந்ததுண்டா, என்ன வருத்தம், என்ன நோய்? அங்கே டாக்டருக்கு ஆங்கிலம் சரிவராது, ஸ்பானிய மொழியில் பதில் போட்டால் நல்லது.

வந்ததுண்டு. மச்சானுக்கு வலிப்பு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவர் பெண் வீட்டில்தான் குடியிருப்பார். மச்சானும் எங்கள் வீட்டில்தான் இருந்தார், ஆகவே எங்களுக்குத் தெரியும். அவருடைய உம்மாவை நாங்கள் மாமி என்போம். மாமி இதை வெளியே விடவே மாட்டார். மகன் கப்பலேறும்போது வலிப்புக்கான குளிசை மாத்திரைப் போத்தலின் லேபலை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, விற்றமின் லேபலை ஒட்டிக் கொடுத்தவர் அவர். இப்போது மச்சானின் தங்கைக்குச் சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மயக்கம் எண்டு மட்டும் சொல்லு மனே. மத்தச் சொல்லு வெளிய போனா என்ட புள்ளய ஆரு முடிப்பான்?"

"தந்தி போறது ஸ்பெயினுக்கு மாமி, சம்மாந்துறைக்கில்ல."

"கல்முனையில தந்தி அடிக்கிறவன் எந்த ஊரான்? சம்மாந்துறையான்!"

கந்தோரில் எழுத்து வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் மாமி சொன்னபடியே ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்: இவருக்கு இடைக்கிடை 'ஃபெயின்ட்டிங் ஃபிட்', அதாவது மயக்கம், வரும். மட்டக்களப்புப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் அமெரிக்கப் பாதிரியார் ஒருவருக்கு ஸ்பானிய மொழி தெரியும், அவரிடம் கொண்டுபோ என்றார். நான் வீட்டைவிட்டு இறங்கும்போது ராத்தா, மாமிக்குக் கேட்காமல், "அவர் உசிரோட வந்தாப் போதும்டா" என்றா.

காலை 6.40 பஸ். டிக்கெட் நாலரை ரூபா. போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், இடைக்கிடை வாவி தெரியும். அன்று நான் அதைப் பார்த்தேன் என்று சொன்னால் பொய்.

"மட்டக்களப்பில எங்க?" என்றார் கண்டக்டர். அண்ணன் வயது, எங்கள் பேச்சில் காக்கா.

"அமெரிக்கா ஃபாதர்ட்ட."

"என்ன, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறப் போறியா?"

"இல்ல காக்கா, ஒரு சொல்லு கேட்டு வரப் போறன்."

"சொல்லு அங்க சும்மா கிடைக்கும். டிக்கட்டுக்குக் காசெடு."

களுவாஞ்சிகுடியில் பத்து நிமிடம் நின்றது. கல்லடிப் பாலம் தாண்டி இறங்கும்போது மணி 8.25. அங்கிருந்து நடந்தால் பத்தே நிமிடம்.

ஃபாதர் வாலிப வயதில் மெக்சிக்கோவில் இருந்தவர். மட்டக்களப்புக்கு வந்து இருபது வருடம், தமிழை எங்களைப் போலவே கதைப்பார். ஸ்பானிய மொழி பாதி மறந்துவிட்டது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பூச்சி அரித்த அகராதி ஒன்றை எடுத்தார். 'ஃபிட்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு பத்தி நிறையச் சொற்கள்.

"சட்டை அளவா இரிக்கிறதுக்கு ஒரு சொல்லு. உடம்பு வேலைக்கு ஏத்த மாதிரி இரிக்கிறதுக்கு அப்தோ. கோவத்துக்கு ஒண்டு, இருமலுக்கு ஒண்டு. மயக்கத்துக்கு தெஸ்மாயோ. உன்ட கடுதாசிப்படி பாத்தா தெஸ்மாயோதான்."

பேனா மூடியைக் கழற்றினார்.

"ஃபாதர், அந்தச் சொல்லப் பாத்தா டாக்டர் என்ன செய்வார்?"

"பெரிசா ஒண்டுமில்ல. காலை உசத்திப் படுக்க வைப்பார். சாப்பிடாம வேலை செஞ்சிரிப்பான் எண்டு நினைப்பார்."

மாமியின் முகமும் ராத்தாவின் முகமும் மாறி மாறி வந்தன. ராத்தாவின் முகம் நின்றது.

"அந்தக் கடுதாசிய விடுங்க. நான் கண்டதச் சொல்றன். ஆள் விறைச்சுப் போவார். மறுகா கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். நாக்கக் கடிச்சு ரெத்தம் வரும். அஞ்சு நிமிசம். எழும்பினா ஒண்டும் ஞாபகமிருக்காது."

ஃபாதர் பேனாவை வைத்துவிட்டார். "இது மயக்கமில்லையே. ஏன் இப்பிடி எழுதினவங்க?"

"மச்சான்ட தங்கச்சிக்குக் கலியாணம் பேசுறாங்க."

இருபது வருடம் எங்கள் பக்கத்தில் இருந்தவர். புரிந்துகொண்டு மறுபடி பேனாவை எடுத்தார்.

பிறகு இருவரும் சொல்லுக்குச் சொல் சண்டை பிடித்தோம். 'அத்தாக்கே', அதாவது தாக்கு, என்று எழுதலாம் என்றார். தனியாகப் போட்டால் மாரடைப்பு என்றும் எடுப்பார்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, எடுக்கலாம் என்றார். கடைசியில் வலிப்புக்கு 'கொன்வுல்சியோன்' என்பதை எடுத்தோம். அதைத் திருப்பி ஸ்பானியப் பக்கத்தில் தேடச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒரே அர்த்தத்தோடு வந்தது, அப்போதுதான் நம்பினேன். நாக்கைக் கடிப்பதையும் சேர்த்தோம். குளிசையின் பெயர் எனக்கு மனப்பாடம், மாதாமாதம் வாங்கி வந்தவன் நான்தான்: பினோபார்பிட்டோன். கடைசி வரி இது: அவருடைய சாமான் பெட்டியில் விற்றமின் போத்தலில் இருப்பது அந்தக் குளிசைதான்.

தந்தியைக் கல்முனைக்குக் கொண்டுபோகாமல் மட்டக்களப்புத் தபால் கந்தோரிலேயே கொடுத்தேன். மாமிக்காக என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு மணி பஸ்ஸில் திரும்பினேன். மாமி வாசலிலேயே மறித்தார்.

"மயக்கம் எண்டுதானே எழுதின?"

"இல்ல மாமி. உள்ளத எழுதினன்."

மாமி ஐந்து நாள் என்னோடு கதைக்கவில்லை. ராத்தா அந்த ஐந்து நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறாம் நாள் தந்தி வந்தது. குளிசை கிடைத்தது, கொடுத்தார்கள், வலிப்பு நின்றுவிட்டது, கதைக்கிறார், விமானத்தில் அனுப்புகிறோம். ராத்தா தந்தியைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கோப்பை சோற்றைத் தின்றா.

கப்பலில் போனவர் பாதியில் விமானத்தில் வந்தால் ஊர் கேட்காமல் விடுமா? ஊர் சொல்வதற்கு முன் மாமி தானே சம்மாந்துறைக்குப் போனார். பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நானே சொல்லிப் போட்டன் மனே. கேட்டுட்டு மாப்பிள்ளட உம்மா அழுறா. அவட மூத்தவனுக்கும் இதே வருத்தமாம். அவங்க எங்களுக்குப் பயந்து சொல்லல்லயாம்!" சொல்லிவிட்டுச் சிரித்தார். கலியாண நாள் குறித்தாகிவிட்டது போல ஒரு சிரிப்பு.

இதே மாதிரிப் பயணம் போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸைப் பிடியுங்கள், பத்து மணிக்குப் பிறகு ஃபாதர்மார் வகுப்புக்குப் போய்விடுவார்கள். எழுதிய கடுதாசியை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். வருத்தத்தைக் கண்ணால் கண்ட ஆள் கூடவே போக வேண்டும். எந்தச் சொல் கிடைத்தாலும், அதைப் பார்த்து டாக்டர் என்ன செய்வார் என்று கேளுங்கள். கடலுக்குப் போகிறவர் பையில் குளிசையின் சொந்தப் பெயர் இருக்கட்டும். கலியாணம் பேசுவதற்கு ஆள் உயிரோடு திரும்ப வேண்டும்.