மரத் தலையணையில் வந்த மாமா

மாமா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று எந்த அரசாங்கக் கந்தோராலும் சொல்ல முடியாமல் போனபோது, அதை ஒரு மரக்கட்டையிடம் கேட்டுப் பார்ப்பதென்று எங்கள் வீட்டில் முடிவானது. ஊரில் போர் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஒருவர் சொன்னார். அதற்கு முன்பே அவர்மேல் ஷெல் விழுந்துவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு அப்போது ஏழு வயது. நாங்கள் ஊரை விட்டு வந்து, பனி கொட்டுகிற மல்வேர்னில் ஒரு மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். மாமாவை நான் படத்தில் மட்டும்தான் கண்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. "இஞ்சரும், அவனுக்குச் செய்ய வேண்டிய கடமை ஒண்டு இருக்கு. அந்தியேட்டிக் கிரியையைச் செய்து விடுவம். அந்த ஆத்மா அந்தரிச்சுக்கொண்டு திரியக்கூடாது," என்பார்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளுத்தண்ணி இறைக்கச் சொல்லுறியளோ?" என்று அம்மா சீறுவார். அதோடு அன்றைய சமையலில் உப்புக் கூடிவிடும்.

எங்கள் எதிர்க் கதவில் சிம்பாப்வேயிலிருந்து வந்த ஒரு அன்ரி இருந்தார். அவரும் அம்மாவும் ஒரே பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அம்மாவுக்கு எண்ணி எடுத்தால் நாலு வசனம். ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை கதைப்பார்களாம். அந்த அன்ரியின் அலுமாரியில் அவருடைய தகப்பன் தலை வைத்துப் படுத்த கட்டை ஒன்று இருந்தது. ஒரு சாண் உயரமும் இல்லை. மேலே கழுத்தைத் தாங்க ஒரு வளைவு, நடுவில் வட்டம் வட்டமாகச் செதுக்கல், கீழே அகன்ற பாதம். அம்மா முதலில் அதைப் பல்லுப் போன திருவலை என்று நினைத்து, இதில் எப்படித் தேங்காய் திருவுவது என்று கேட்டாராம்.

அன்ரி பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். நித்திரை என்பது போனவர்களைப் பார்த்துவிட்டு வருகிற பயணம். தகப்பன் செத்தபிறகு இதில் தலை வைத்தால் அவர் கனவில் வந்து வீட்டு நன்மை தீமை பேசுவார். உயிரோடு இருக்கிறவர்கள் இதில் வரமாட்டார்கள்.

அந்தக் கடைசிப் பேச்சை அம்மா பிடித்துக்கொண்டார். கட்டையை இரவல் கேட்டார். அது இரவல் கொடுக்கிற சாமான் இல்லை, உங்கள் ஆட்களை அதற்குத் தெரியாது என்று அன்ரி தயங்கினார். அம்மா அவருடைய கையை விடவில்லை. கடைசியில் அன்ரி அதை ஒரு துணியில் சுற்றி, தானே கொண்டுவந்து எங்கள் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்.

"அவன் வந்தானெண்டால் நீங்கள் சொன்னபடி செய்வம். வராட்டி உயிரோட இருக்கிறான். பிறகு இந்தக் கதை எடுக்கப்படாது," என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். இதில் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கட்டையில் படுத்தால் மாமா வருவார்.

அம்மா காலையில் வேலையால் வந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு அதில் படுப்பார். பின்னேரம் அப்பா, "வந்தவனோ?" என்று கேட்பார்.

"வரேல்லை." அதைச் சொல்லும்போது அம்மாவின் முகம் மலர்ந்திருக்கும். பிடித்துப்போன கழுத்தைத் தடவிக்கொண்டே எனக்கு ரொட்டி சுட்டுத் தருவார். எனக்கோ மாமாமீது கோபம் கோபமாக வந்தது. தன் அக்கா இவ்வளவு பாடுபடுகிறாள், ஒரு தரம் தலையைக் காட்டிவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவார்?

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் கதவு நீக்கலால் எட்டிப் பார்த்தேன். அம்மா கட்டையில் தலை வைத்து, கண்ணை அகலத் திறந்துகொண்டு கிடந்தார். கண் சொருகும்போதெல்லாம் தன் கையைத் தானே நுள்ளிக்கொண்டார். நித்திரை வந்தால் தம்பியும் வந்துவிடுவான் என்ற பயத்தில் ஒருத்தி அப்படிக் கிடப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்கு அதில் படுக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மரக்கறிக் கடைக்குப் போன நேரம் நான் அதில் தலை வைத்தேன். கழுத்து நொந்தது. ஆனாலும் நித்திரையாகிப் போனேன். மாமா வந்தார். எங்கள் பஸ் தரிப்பிடத்தில், பனிக்குள் வெறுங்காலோடு நின்றார்.

அம்மா பைகளோடு கதவைத் திறந்ததும் ஓடிப்போனேன். "அம்மா, மாமா வந்தவர்! சத்தியமா, ஐ சோ ஹிம்!"

"எதில படுத்தனீ?"

நான் அறையைக் காட்டினேன்.

"கதைச்சவனோ?"

"இல்லை, சும்மா சிரிச்சவர்."

அம்மா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே இருந்துவிட்டார். "சின்னப்பிள்ளை படத்தைப் பார்த்துக் கண்ட கனவு. விடும்," என்று அப்பா ஓடிவந்தார். இத்தனை நாளும் முடிவு கேட்டவர் அவர்தான். அம்மா தலையை ஆட்டினார். "அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றார்.

கட்டை அன்றைக்கே எதிர் வீட்டுக்குப் போனது. அடுத்த கிழமை ஐயர் வந்தார். வீடு நிறையச் சனம். வாழையிலை விரித்து வடை, பாயாசம், மாமாவுக்குப் பிடித்த கறிகள் எல்லாம் படைத்தார்கள். எதிர் வீட்டு அன்ரி அம்மாவின் பக்கத்தில் அவருடைய கையைப் பிடித்தபடி இருந்தார். வந்தவர்கள் எல்லாரும் என் தலையைத் தடவினார்கள். மாமாவைக் கொண்டுவந்ததற்காகத்தான் இந்த விருந்து என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பாயாசம் இன்னொரு தரம் வாங்கிக் குடித்தேன். அம்மா மட்டும் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. கிட்டப் போய் அவருடைய காதுக்குள் சொன்னேன்:

"அழாதேங்கோ அம்மா. அந்தக் கட்டையைத் திரும்ப வாங்கித் தாங்கோ, நான் மாமாவை நாளைக்கும் கூட்டிக்கொண்டு வாறன்."