வேரில் மாவு ஏறும்வரை

பேச்சியம்மாள் இறந்துபோன செய்தி, எங்கள் தேயிலைக் கொழுந்தை ஏற்றிப்போக வரும் வண்டியோடு வந்தது. ஓட்டுநர் இறங்கி, தராசை எடுக்காமல் நின்றார். "நம்ம பேச்சி மேடம் காலம்பற போயிட்டாங்க. நெஞ்சுவலியாம்" என்றார். சூரியநெல்லிச் சரிவில் சாக்குகளோடு நின்றிருந்தோம். என் மனைவி ராணி ஒரு சாக்கின் மேலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, தேனிப் பக்கம் தாவரவியல் படித்துவிட்டு, எங்களைப் போன்ற சிறு தேயிலை விவசாயிகளுக்குக் கள அலுவலராக வந்தவர். வயதில் என்னைவிட இளையவர்.

ஒரு கோடையில் மழை பொய்த்துச் செடிகள் மஞ்சளாகிப் போயின. முதல் மழை விழுந்ததும் கவாத்து செய்துவிடலாம், கிளைகளைத் தறித்துவிட்டால் புதுத் துளிர் வரும் என்று நானும், பக்கத்துத் தோட்டக்காரரான என் மச்சான் முருகேசனும் கத்தியைத் தீட்டினோம். அப்போது பேச்சி வந்தார். மண்ணைக் கிளறிப் பென்சில் பருமனுள்ள வேர் ஒன்றை நறுக்கி, அதன்மேல் ஐயோடின் ஒரு சொட்டு விட்டார். மஞ்சளாகவே நின்றது.

"மாவுச்சத்து இருந்தா கருநீலமா மாறணும் அண்ணாச்சி. வேர்ல ஒண்ணுமே இல்ல. இலையையும் வெட்டிட்டா செடி எதைத் தின்னு துளிர்க்கும்?"

முருகேசன் விடவில்லை. "வெயில்லதான செடி சாப்பாடு பண்ணுதுன்னு நீங்கதான சொன்னீங்க? மாசக்கணக்கா வெயில் காய்ஞ்சிருக்கே மேடம்."

அவர் எங்களோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "வெயில் மட்டும் போதாது அண்ணாச்சி. இலையில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய் இருக்கு. அது வழியா கரியமில வாயு உள்ள போகணும். வேர்ல இருந்து தண்ணி ஏறி வரணும். அந்த ரெண்டையும் வச்சு, வெயிலோட பலத்துல இலை சீனி பண்ணுது. தண்ணி இல்லன்னா செடி அந்த வாயை எல்லாம் மூடிக்கிடும். அப்புறம் எவ்வளவு வெயில் அடிச்சு என்ன? வேர்ல சேர்த்து வச்ச மாவைக் கரைச்சுத் தின்னுட்டுத்தான் இத்தனை நாள் நின்னுருக்கு."

"இப்ப என்னம்மா செய்யணும்?" என்றேன்.

"கொழுந்துல கை வைக்காதீங்க. மழை வந்திருச்சு, இலைய நிக்க விடுங்க. சீனி பண்ணி, தன் செலவு போக மிச்சத்தை மாவாக்கி வேர்ல வைக்கட்டும். நீலம் வந்த பிறகு வெட்டலாம்."

கவாத்து தள்ளிப்போனால் அடுத்த அறுவடையும் தள்ளிப்போகும். அதுவரை வீட்டில் அடுப்பெரிய வேண்டும். முருகேசன் பொறுக்கமாட்டாமல் அந்த வாரமே வெட்டிவிட்டார். நாங்கள் தயங்கியதைப் பார்த்த பேச்சி, சின்னக்கானலில் ஒரு விடுதியில் பேசி எனக்கும் ராணிக்கும் வேலை வாங்கித் தந்தார். "செடி தேறுற வரைக்கும் இந்த ஜோலியப் பாருங்க" என்றார்.

முருகேசனின் தோட்டத்தில் துளிர் எட்டிப் பார்த்து, விரியும் முன்பே கருகியது. பாதிச் செடிகள் பட்டுப்போயின. அவர் பேச்சியை வழியில் மறித்து, "நீங்க என் கையில இருந்து கத்தியப் பிடுங்கியிருக்கணும்" என்று கத்தினார். நான் பதறிப்போனேன். பேச்சி, "பிடுங்கியிருக்கணும் அண்ணாச்சி" என்றார். பிறகு நாற்றுகளுக்கு ஏற்பாடு செய்து, மழையில் நனைந்தபடி அவரோடு நின்று குழி தோண்டினார். மச்சான் அதன்பின் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை.

என் செடிகளின் வேர் நீலம் காட்டியபோது கவாத்து செய்தோம். அதன்பின் எங்கள் சரிவு முழுக்க வெறும் குச்சிகள். பேச்சி தினமும் வந்தார். வரிசைக்குள் நடந்து, குனிந்து பார்த்துவிட்டுப் போவார். ஒரு காலையில் ராணி கூவி அழைத்தாள். குச்சிகளில் அரிசி முனைபோல் மொட்டுகள். சில நாளில் அவை இலைகளாக விரிந்தன.

"இனி பயமில்ல. இந்த இலையே தனக்கு வேண்டியதப் பண்ணிக்கிடும்" என்ற பேச்சியின் கண்கள் கலங்கியிருந்தன. "இத்தனை நாளும் சரியா உறங்கல மதினி. நான் சொன்னது தப்பாப் போயிருந்தா உங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று ராணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்று எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்தச் செடிகளால்தான். அடக்கத்தன்று பாடையின் முன்பக்கத்தை முருகேசன் கடைசிவரை தோள் மாற்றாமல் சுமந்தார்.

பேச்சியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். இப்போது புதிதாகத் தேயிலை வைப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். மறுநாள் காலையில் அவர்கள் தோட்டத்துக்குப் போய் நிற்கிறேன்.