பதினோரு வீட்டு விருந்தும் ஒரு விசாவும்

விசாவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பதினோரு வீட்டில் விருந்து சாப்பிட்டு முடித்திருந்தேன். எங்கள் பக்கம் ஒருவன் வெளிநாட்டு வேலைக்குப் போகிறான் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் முறை வைத்து அழைப்பார்கள். நாட்டுக்கோழி அடித்து, மூக்கு முட்டப் போட்டு, வேட்டி துண்டு வைத்து அனுப்புவார்கள். சாப்பிட்டவன் போய்விட வேண்டும். அதற்குப் பிறகும் ஊரில் திரிந்தால் அவனுக்கு மரியாதை கிடையாது.

நான் போர்வெல் ரிக்கில், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில், டிரில்லர். பதினைந்து வருடம் வடக்கே ஏதேதோ மாநிலங்களில் ஓட்டியிருக்கிறேன். அங்கெல்லாம் காகிதம் என்றால் வண்டிக்குத்தான்; ஆளுக்கு யாரும் கேட்டதில்லை. எங்கள் ஓனர், தூரத்து உறவில் மாமா, ஆப்பிரிக்காவில் ஒரு வண்டி இறக்கினார். “வாடா மாப்ளே” என்றார். சரி என்றேன். என்ன விசா என்று கேட்கத் தோன்றவில்லை. ரிக்காரன் அப்படியெல்லாம் கேட்டுப் பழகியவன் இல்லை.

கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது ஏஜென்ட் விசாவைப் போனில் அனுப்பினார். என் மனைவி புதுச்சத்திரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அடுத்தவர்களின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பவள். பிரிண்ட் எடுத்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏனுங்க, இது சுத்திப் பாக்கப் போறவங்களுக்குக் குடுக்கறதுங்க. வேலை செய்யக்கூடாதுன்னு அடியில போட்டிருக்குது, பாருங்க.”

பார்த்தேன். ஒரே வரி. எனக்கே புரிகிற இங்கிலீஷ்தான்.

மறுநாள் காலையில் மாமாவின் ஷெட்டுக்குப் போனேன். அவர் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தபடியே பேசினார்.

“அல்லாரும் இப்பிடித்தான் போறாங்க மாப்ளே. அங்க போயி மாத்திக்கலாம்.”

“மாத்த முடியாட்டி என்னுங்க மாமா பண்றது?”

அவருக்கு எரிச்சல் வந்தது. வேலை பர்மிட் எடுக்க மூன்று மாதம் ஆகும், போலீஸ் சான்று, அனுபவச் சான்று என்று ஆயிரம் கேட்பார்கள், அதுவரை வண்டி சும்மா நிற்குமா என்றார்.

இரண்டு நாள் முடிவெடுக்க முடியாமல் கிடந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அந்த நாட்டுப் போலீசைவிட விருந்து போட்ட பதினோரு வீட்டுக்காரர்களுக்குத்தான் பயந்தேன். மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்.

“தின்ன கோழிக்காகப் போயி ஜெயில்ல உக்காரப் போறீங்களா?”

மாமாவிடம் போய், சரியான விசா இல்லாமல் வரமாட்டேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் இறங்கிவந்தார்.

“செரி. உனக்கு மூணு மாசத்துல பர்மிட் எடுத்துத் தாரேன். ஆனா ஊருக்குள்ள விசா கிசான்னு பேசிட்டுத் திரியாத.”

எனக்கும் அது வசதியாகவே இருந்தது. ஒரு காகிதத்துக்குப் பயந்து நின்றுவிட்டான் என்று பேச்சு வாங்குவதைவிட, உடம்பு சரியில்லை என்பது கௌரவமான காரணம். முதுகுவலி, டாக்டர் மூன்று மாதம் குனியக்கூடாது என்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னேன். மூன்று வீட்டிலிருந்து தைலம் வந்தது.

நான்காம் நாள் என் சித்தப்பா மகன் வந்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன், அவனும் டிரில்லர், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன். என் இடத்துக்கு மாமா அவனைக் கூப்பிட்டிருந்தார்.

“அண்ணா, போலாமுங்களா? நீங்க நின்னதுக்கு முதுகுதானுங்களே காரணம்? வேற ஒண்ணுமில்லீங்களே?”

அவன் தெளிவாகத்தான் கேட்டான். மனைவி அந்நேரம் வேலைக்குப் போயிருந்தாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் போகமாட்டான், மாமா காதுக்குப் போகும், என் பர்மிட் நிற்கும், முதுகுவலி பொய்யென்று ஊர் சிரிக்கும். இவ்வளவும் ஒரு நொடியில் மனதில் ஓடின.

“முதுகுதாம்ப்பா. நீ பாத்துப் போயிட்டு வா” என்றேன்.

சாயங்காலம் மனைவி கேட்டபோது, அவனிடம் எல்லாம் சொல்லியாயிற்று என்று அவளிடமும் பொய் சொன்னேன்.

அவன் போனான். சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொல்லி உள்ளே நுழைந்தவனை இரண்டாம் மாதம் கம்பெனிச் சட்டையோடு லீவரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே அதிகாரிகள் பிடித்தார்கள். ஒன்பது நாள் அடைத்து வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்து வருடம் அந்த நாட்டுக்குள் நுழையக்கூடாது என்று பாஸ்போர்ட்டில் முத்திரை. மாமா அவன் போனை எடுப்பதில்லை.

எனக்குப் பர்மிட்டும் விசாவும் வந்த வாரம் அவனைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

“உங்களுக்கு விசா வந்திருச்சாமாங்கண்ணா. காட்டுங்க, பாக்கறேன்.”

போனில் காட்டினேன். திரையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசி வரிவரை வாசித்தான்.

“வேலைக்குன்னு இப்பிடித் தனியா ஒண்ணு இருக்குதுன்னு நான் போறப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களாண்ணா?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவனுடைய சின்ன மகள் அவன் தோளில் தொங்கிக்கொண்டு என்னையே பார்த்தது.

“தெரியும்” என்றேன்.

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தான். குழந்தையை இறக்கிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனான். எனக்கு அழுகை வந்தது. அந்த வீட்டில் அழ எனக்கு உரிமை இல்லை. எட்டாம் நாள் விமானம் ஏறினேன். அங்கே அவன் பாதியில் விட்ட குழியிலிருந்துதான் என் வேலை தொடங்கியது.