கூட இருக்க ஆள்

இருபத்திரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்ததில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "கூட யாரு வந்திருக்கா?" என்பதுதான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே நான் இருந்த ஆஸ்பத்திரியில் அது எழுதாத சட்டம். கஞ்சி வாங்க, பாத்ரூமுக்குப் பிடித்துக்கொண்டு போக, ஸ்ட்ரெச்சர் தள்ள ஒரு ஆள் இல்லாவிட்டால் வார்டில் கட்டில் கிடையாது. எங்களிடம் ஆட்கள் போதாது, அதனால் நோயாளிதான் ஆளையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

ஒருநாள் உச்சி வெயிலில் ஒரு பெண் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். கடலோரக் கிராமம், மீன் விற்பவள். ஒடிந்த வலது மணிக்கட்டை முந்தானையில் தூக்கிக் கட்டியிருந்தாள். "வழுக்கி வுழுந்துட்டேன் சிஸ்டர்" என்றாள். வழுக்கி விழுந்தவளின் கழுத்தில் விரல் தடம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். 'வழுக்கி விழுந்தது' என்று ரிஜிஸ்டரில் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

எலும்பு விலகியிருக்கிறது, நாளைக்குக் கம்பி வைக்க வேண்டும், படுக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"கூட யாரு?"

"யாரும் இல்ல சிஸ்டர்."

"யாரும் இல்லாம எப்புடிம்மா? ஊட்டுக்காரர் இருக்காருல்ல?"

"நானே பாத்துக்குறேன் சிஸ்டர். இன்னொரு கை நல்லாத்தான இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, இவள் வேறு அடம் பிடிக்கிறாளே என்று கத்தினேன். அவளிடம் போன் இல்லை. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர். நான் மூன்று முறை அதட்டிய பிறகு அதைச் சொன்னாள். என் போனிலிருந்தே அவள் புருஷனைக் கூப்பிட்டு, "உங்க வைஃப் இங்கதான் பத்திரமா இருக்காங்க, பயப்படாதீங்க" என்றேன். என்ன ஒரு கரிசனம் எனக்கு!

ஒரு மணி நேரத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். ஆப்பிள் நறுக்கி ஊட்டினான். பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பிளந்தாள். நானும் சும்மா இருக்கவில்லை, "குடுத்து வச்சவம்மா நீ" என்றேன். அவள் அந்த ஆப்பிளை மென்றுகொண்டே இருந்தாள், முழுங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள், பிரைவேட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். இடது கையிலிருந்த டிரிப்ஸ் ஊசியை நான்தான் உருவினேன். பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தபோது அவள் மெல்லக் கேட்டாள்: "ஏன் சிஸ்டர் கூப்புட்டீங்க?"

பஞ்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன்.

பிறகு கடலூரில் ஒரு கூட்டம். வீட்டில் அடிபடும் பெண்களுக்கான சேவைகளை மேம்படுத்துவது எப்படி என்று ஆளுக்கொரு ஃபைல் கொடுத்தார்கள். போஸ்டர் ஒட்டலாம், கவுன்சிலிங் ரூம் கட்டலாம் என்று பேசிக்கொண்டே போனார்கள். நான் எழுந்து, தனியாக வருகிறவளை ஆள் கேட்காமல் படுக்க வைக்க முடியுமா என்றேன். "அதெல்லாம் பாலிசி மேட்டர் சிஸ்டர்" என்றார் ஒரு அதிகாரி. மத்தியானம் லெமன் சாதம் போட்டார்கள். சாப்பிட்டேன், வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து, வாய்க்காரி என்று பெயர் எடுக்கும் அளவுக்கு எல்லோரிடமும் மல்லுக்கட்டினேன். இரண்டு வருடம் கழித்து ஒரு கட்டில் கிடைத்தது. அதில் படுக்கிற பெண்ணுக்கு வார்டு ஆயாவே ஆளாகக் கையெழுத்துப் போடலாம். ஒரே ஒரு கட்டில், அதற்கும் ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போட்டோவில் நான் நடுவில் நிற்கிறேன்.

போன மாதம் சிதம்பரம் மீன் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். தராசை இடது கையில் பிடித்திருந்தாள். வலது மணிக்கட்டு வெளிப்பக்கமாகக் கோணி அப்படியே சேர்ந்து போயிருந்தது. எந்த பிரைவேட்டிலும் யாரும் பார்க்கவில்லை என்று அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய், பெருமையடித்தது.

"இப்பல்லாம் ஆள் கேக்குறதில்லம்மா. தனியா வந்தாலும் படுக்க வச்சிக்கிறோம்."

அவள் மீனைப் பையில் போட்டு, கோணிய கையால் என்னிடம் நீட்டினாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனே சிஸ்டர், யாரும் இல்லன்னு."